புது பேரிங்கைத் தின்னும் தூசி

லேத்திலிருந்து பிளாக்கும் கிராங்க்கும் திரும்பி வரும் நாளில் பட்டறையில் ஓர் அவசரம் பிறக்கும். வண்டிக்காரர் காலையிலிருந்தே போன் செய்துகொண்டிருப்பார். புது ரிங், புது ஷெல், கேஸ்கெட் செட் எல்லாம் பெட்டியோடு மேஜைமேல் காத்திருக்கும். “கழுவித்தான்ணே அனுப்பியிருக்கோம்” என்று லேத் பையன் சொல்லிவிட்டுப் போயிருப்பான். அவன் பொய் சொல்லவில்லை. மேலே ஒட்டியிருந்ததை டீசல் விட்டுக் கழுவி, ஏர் அடித்துத்தான் அனுப்பியிருப்பான். ஆனால் பேரிங்கைக் கெடுக்கும் அழுக்கு மேலே இருப்பதில்லை. ஆயில் போகும் துளைகளுக்குள், போல்ட் துளைகளின் அடியில், ஹோனிங் கோடுகளின் பள்ளத்தில் இருக்கிறது. அதை எடுப்பது லேத்காரரின் பொறுப்பு அல்ல, பூட்டுகிறவரின் பொறுப்பு. இதை ஒப்புக்கொண்டு வேலையை ஆரம்பிப்பவருக்குப் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்துப் ‘பி’ வரிசை இன்ஜின் அது. எம்.ஜி.ஏ. என்ற, இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசி குடும்பம்தான் இருந்தது என்று சொன்னால் நம் பட்டறைகளில் பலர் சிரிப்பார்கள். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், கிராங்க்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். பழைய வண்டி பிரியர்கள் இன்னும் இதைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிற்கால அலுமினியம் பிளாக் இன்ஜின்களுக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எவ்வளவு சின்ன தூசி?

கிராங்க்கின் மெயின் ஜர்னலுக்கும் அது சுழலும் பேரிங் ஷெல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி, கார் இன்ஜின்களில் பொதுவாக 0.025 முதல் 0.06 மில்லிமீட்டர் வரை. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. அதாவது ஒரு முடியைக்கூட அந்தச் சந்தில் நுழைக்க முடியாது. இது நின்றிருக்கும்போது உள்ள கணக்கு. இன்ஜின் ஓடும்போது கிராங்க் நடுவில் நிற்பதில்லை. பிஸ்டன் தள்ளும் பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து வைக்கும் ஆயில் படலம் மெலிந்து மெலிந்து ஒன்றிரண்டு மைக்ரான் அளவுக்கு வந்துவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹோனிங் கல்லிலிருந்து உதிரும் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது.

ஷெல்லைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் இரும்புத் தகட்டின் மேல் மெத்தென்ற உலோகத்தை ஏற்றுகிறார்கள். சில ஷெல்களில் அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த ஒரே பூச்சு. வேறு சிலவற்றில் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு, அதன்மேல் சுமார் 0.02 மி.மீ. கனத்தில் இன்னும் மெத்தான மேல்பூச்சு. சிறிய துகள் வந்தால் இந்த மெத்தான உலோகம் அதை உள்ளே வாங்கி அமுக்கிக்கொள்ளும். பூச்சின் கனத்தைவிடப் பெரிய துகள் வந்தால் பாதி உள்ளே புதைந்து, பாதி தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அது பேரிங்கில் பொருத்திய வெட்டுக் கருவி. கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஜர்னலைக் கீறும். புதைந்த இடத்தைச் சுற்றி உலோகம் மேடிட்டு, அந்த மேடு ஆயில் படலத்தைக் கிழித்து, அங்கே சூடு ஏறும். பேரிங் கெடும் காரணங்களைப் பிரித்து, பேரிங் தயாரிக்கும் கிளீவைட் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் அழுக்குக்குத்தான், ஏறத்தாழ 45 சதவீதம். ஆயில் போதாமல் கெட்டவை அதில் பத்துச் சொச்சம் சதவீதம் மட்டுமே. நம் ஊரில் பேரிங் போனால் முதலில் திட்டு வாங்குவது டிரைவர், அடுத்தது ஆயில் கம்பெனி.

கழற்றிய ஷெல்லைக் குப்பையில் போடாதீர்கள்

பழைய ஷெல்களை எந்த இடத்திலிருந்து வந்தன என்று முதுகில் மார்க்கரால் எழுதி வரிசையாக வையுங்கள். இந்த இன்ஜினுக்கு என்ன வியாதி என்று அவைதான் சொல்லும். சுற்றுவாக்கில் ஓடும் நீளக் கோடுகளும், ஆங்காங்கே பளபளப்பான வளையம் சூழ்ந்த புள்ளிகளும் இருந்தால் அழுக்கு. உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து, அதே இடத்துக்கு நேர் முதுகில் கறுப்புப் புள்ளி இருந்தால், போன முறை பூட்டியவர் ஷெல்லுக்குப் பின்னால் தூசியோடு பூட்டியிருக்கிறார். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஜர்னல் ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருக்கலாம், அல்லது ராடு வளைந்திருக்கலாம். விளிம்புகள் ஓரத்தில் நசுங்கியிருந்தால் கிராங்க்கின் மூலை வளைவை லேத்தில் பெரிதாக விட்டுவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். கறுத்துக் கருகியிருந்தால்தான் ஆயில் வரவில்லை என்று அர்த்தம். அப்போதும் ஆயில் ஏன் வரவில்லை என்று தேடினால், பல நேரம் ஸ்ட்ரெய்னரை அடைத்த கேஸ்கெட் பேஸ்ட் துண்டில் போய் முடியும்.

பிளாக்: பிளக்கைக் கழற்றாமல் கழுவினால் கழுவியதாகாது

பிளாக்கின் நீளவாக்கில் ஆயில் ஓடும் பெரிய துளைக்கு கேலரி என்று பெயர். தொழிற்சாலையில் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துளைத்துவிட்டு, இரண்டு வாயையும் பிளக் போட்டு அடைத்துவிடுகிறார்கள். பல வருட ஓட்டத்தில் பிளக்குக்கு முன்னால் இருக்கும் முட்டுச்சந்தில் சேறு தங்கும். காஸ்டிக் சோடா தொட்டியில் போட்டால் அந்தச் சேறு இளகும், ஆனால் வெளியே வராது. புது ஆயில் சூடாகிப் பாயும்போது மெதுவாகக் கரைந்து வெளியே வரும். வந்ததும் நேராகப் போவது பேரிங்குக்கு, ஏனென்றால் ஃபில்ட்டரைத் தாண்டிய பிறகுதான் கேலரி இருக்கிறது. ஃபில்ட்டருக்கு இதைப் பிடிக்கும் வாய்ப்பே இல்லை.

அதனால் லேத்துக்கு அனுப்பும் முன்பே எல்லா கேலரி பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். திருகு பிளக் இறுகிப் பிடித்திருந்தால் சுற்றியுள்ள வார்ப்பிரும்பைச் சூடேற்றித் திருப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் துளையிட்டு எடுக்க வேண்டியதுதான். புது பிளக் சில ரூபாய். தண்ணீர் பக்கத்து வெல்ச் பிளக்குகளையும் இதோடு கழற்றிவிடுவது நல்லது. கேம்ஷாஃப்ட் பேரிங்குகளை மாற்றப்போகிறீர்கள் என்றால் அவற்றையும் காஸ்டிக்குக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அம்பாசடரில் அவை வெள்ளை உலோகம் பூசிய புஷ்கள். கொதிக்கும் காஸ்டிக் சோடா அந்தப் பூச்சை விட்டுவைக்காது.

காஸ்டிக் பற்றி இரண்டு எச்சரிக்கை. இரும்புக்கும் வார்ப்பிரும்புக்கும் மட்டும்தான் அது. அலுமினியம் ஹெட்டோ பிளாக்கோ பிஸ்டனோ அதில் விழுந்தால் நுரைத்துக் கரையும். அப்போது வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கக்கூடியது. இரண்டாவது, தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தத் தொட்டிப் பக்கம் எந்தப் பையனையும் விடாதீர்கள்.

காஸ்டிக் குளியல் மிஷினிங்குக்கு முன்னால் நடப்பது. நான் வற்புறுத்துவது மிஷினிங்குக்குப் பின்னால் நடக்க வேண்டிய இரண்டாவது கழுவல். இதைத்தான் நம் பட்டறைகளில் அனேகமாக யாரும் செய்வதில்லை.

ரீபோர் முடிந்து ஹோனிங் செய்த சிலிண்டரைக் கையால் தடவினால் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் ஹோனிங் போட்ட குறுக்குக் கோடுகளின் பள்ளங்களில் கல்லின் தூளும் வார்ப்பிரும்புத் தூளும் அப்பியிருக்கின்றன. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ டீசலோ அவற்றை எடுக்காது. எண்ணெய்ப் பசையைக் கரைத்து இறக்கிவிட்டு, தூளைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு ஆவியாகிவிடும். தூளைத் தூக்கிக்கொண்டு வருவது வெந்நீரும் சோப்பும்தான். கையுறை போட்ட கை தாங்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீர், அதில் துணி துவைக்கும் சோப்புத்தூள் இரண்டு கைப்பிடி, கெட்டி நைலான் பிரஷ். மேலும் கீழுமாக, ஹோனிங் கோட்டின் சாய்வை ஒட்டியே, அழுத்தித் தேயுங்கள். நுரை சாம்பல் நிறமாக மாறும். தண்ணீரை மாற்றி மறுபடி தேயுங்கள். நுரை வெள்ளையாகவே நிற்கும்வரை இது தொடரட்டும்.

கேலரிகளுக்கும் இதே சோப்புத் தண்ணீர்தான். பிரஷ்தான் பிரச்சினை. மீன் தொட்டிக் கடைகளில் ரப்பர் குழாய் கழுவ நீளமான, வளையும் கம்பியில் பிரஷ் விற்கிறார்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. சின்னத் துளைகளுக்குப் பள்ளி ஆய்வுக்கூடத்து டெஸ்ட் டியூப் பிரஷ். ஒவ்வொரு துளையிலும் இரண்டு முனையிலிருந்தும் பிரஷை விடுங்கள். மெயின் பேரிங் இருக்கையில் இருந்து கேலரிக்குப் போகும் குறுக்குத் துளை, கேலரியிலிருந்து கேம்ஷாஃப்டுக்குப் போகும் துளை, ராக்கருக்கு ஏறும் துளை எல்லாவற்றையும் எண்ணி, சாக்பீஸால் டிக் போட்டுக்கொண்டே போங்கள். பிறகு ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் கண் வைத்துப் பாருங்கள். நேரான துளையில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

போல்ட் துளைகளை மறக்க வேண்டாம். அடி மூடிய துளைக்குள் தண்ணீரோ ஆயிலோ தங்கியிருக்க, மேலே போல்டைப் போட்டு முறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும். மரையில் சரியான டேப்பை ஒருமுறை விட்டெடுத்து, கழுவி, ஏர் அடியுங்கள்.

கழுவி முடித்த வார்ப்பிரும்பு, நம் ஊர் ஈரக் காற்றில், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் துருப்பிடித்துவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஆகவே ஏர் அடிக்கத் தொடங்கும் முன்பே ஆயிலும் துணியும் கையில் இருக்கட்டும். கம்ப்ரஸர் டாங்க்கின் அடியில் தேங்கிய தண்ணீரை முதலில் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏரோடு தண்ணீரும் அடிக்கும். உலர்ந்த நொடியில் சிலிண்டர் சுவரில் புது இன்ஜின் ஆயிலைத் தடவி, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சாம்பல் கறை வந்தால் கழுவல் முடியவில்லை. வெந்நீருக்குத் திரும்பிப் போங்கள். துணி வெள்ளையாக வரும்வரை பூட்டக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

கிராங்க்

கிராங்க் கிரைண்டிங் என்பது கல்லால் உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. தேய்ந்த உலோகமும் உதிர்ந்த கல்லும் கூலன்ட் தண்ணீரோடு சேர்ந்து கூழாகி, ஜர்னலில் இருக்கும் ஆயில் துளைக்குள் இறங்கும். மெயின் ஜர்னலிலிருந்து பக்கத்து ராடு ஜர்னலுக்குச் சாய்வாகப் போகும் அந்தத் துளையில் கூழ் உலர்ந்து கல்லாகிவிடும். ஏர் அடித்தால் மேலே உள்ளது மட்டும் பறக்கும். மீதி அங்கேயே உட்கார்ந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஆயில் அழுத்தம் ஏறிய முதல் நிமிடத்திலேயே ராடு பேரிங்குக்குள் பீய்ச்சும். வண்டியை எடுத்துக்கொண்டு போன வாரமே ‘டொக் டொக்’ என்று ராடு நாக் கேட்டால் இங்கேதான் முதலில் பாருங்கள்.

சில கிராங்க்குகளில் இந்தச் சாய்வுத் துளைகளின் ஒரு வாய் பிளக்கால் அடைக்கப்பட்டிருக்கும். டீசல் இன்ஜின்களிலும் பழைய மோட்டார் சைக்கிள்களிலும் சேறு சேர்வதற்கென்றே உள்ளே குழி விட்டிருப்பார்கள். அவற்றில் பிளக்கை எடுத்துத்தான் கழுவ வேண்டும், வேறு வழியில்லை. திரும்பப் பிளக் போட்டதும் அது கழன்றுவிடாதபடி விளிம்பைப் பஞ்ச் கொண்டு தட்டி நிறுத்துங்கள்.

ஆயில் துளையின் வாயை விரல் நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். கூர்மையாகப் பிசிறு தட்டினால் அது ஷெல்லைச் சீவும். மெல்லிய எண்ணெய்க் கல்லால் வாயை லேசாக மழுக்கி, பிறகு கழுவுங்கள். ‘பிறகு’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். எமரித் தாள், உப்புத்தாள், அரம், கல் எதை எந்த இடத்தில் தொட்டாலும் அதற்குப் பின் ஒரு முழுக் கழுவல் உண்டு. எல்லாம் கழுவி ஆயில் தடவி வைத்த பிறகு “இங்கே ஒரு சின்னக் கறை” என்று எமரித் தாளை எடுப்பவரை மேஜையிலிருந்து விலக்கி வைப்பது நல்லது.

இதே காரணத்துக்காகவே, டிரில்லில் மாட்டிச் சுற்றும் உராய்வு டிஸ்க்கால் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வேலை சீக்கிரம் முடியும், முகமும் பளபளக்கும். ஆனால் டிஸ்க்கில் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு. அதன் தூள் கண்ணுக்குத் தெரியாமல் திறந்திருக்கும் ஆயில் வழிகளுக்குள் இறங்கிவிடும். பேரிங் கெட்டு வண்டிகள் திரும்பி வந்ததைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்கே எழுத்தில் எச்சரிக்கை அனுப்பியது. பிளேடும், கேஸ்கெட் கரைக்கும் திரவமும், கொஞ்சம் பொறுமையும் போதும். மணல் அடிப்பதும் கண்ணாடி மணி அடிப்பதும் இதைவிட மோசம். வெளி உறைகளுக்கு, பிராக்கெட்டுகளுக்குச் செய்யலாம். ஆயில் படும் எந்தப் பொருளையும், முக்கியமாக உள்ளே தடுப்புத் தகடுள்ள ராக்கர் கவரையும் ஆயில் சம்ப்பையும், அந்த மணல் அடிக்கும் பெட்டிக்குள் நுழைய விடாதீர்கள்.

பூட்டும் இடம்

நம் பட்டறைகள் பெரும்பாலும் சாலையைப் பார்த்துத் திறந்திருப்பவை. பஸ் ஒன்று போனால் மேஜைமேல் ஒரு படலம் தூசி படியும். ஏசி அறை கேட்கவில்லை. முந்தின நாள் மாலையில் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குங்கள். பூட்டும் நேரத்தில் அந்தக் கூரையின் கீழ் யாரும் கிரைண்டரோ வெல்டிங்கோ ஓட்டக் கூடாது. மேஜைமேல் புது பிரவுன் பேப்பர் விரியுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், ஆனால் வியர்வை ஷெல்லின் உள்முகத்தில் படக் கூடாது, ஆகவே ஷெல்லை விளிம்பில் பிடித்தே எடுங்கள். வேலை பாதியில் நின்றால், அது சாப்பாட்டு நேரமாக இருந்தாலும், பிளாக்கைப் புது பாலித்தீன் பையால் மூடுங்கள்.

துணி விஷயம் முக்கியமானது. திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் கை துடைக்க அருமையானது. பேரிங் இருக்கையைத் துடைக்க ஆகாது. வெட்டிய ஓரத்திலிருந்து நூல் பிரியும், அந்த நூல் ஆயில் வழியில் போய்ச் சுருண்டு மற்ற அழுக்கையெல்லாம் பிடித்து வைக்கும். பலமுறை துவைத்துப் பஞ்சு உதிர்ந்துபோன பழைய வெள்ளை வேட்டியை, ஓரத்தைச் சுருட்டித் தைத்த துண்டுகளாக வெட்டி, இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெல், கேப், டார்க்

ஷெல் உட்காரும் இருக்கையும் ஷெல்லின் முதுகும் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். முதுகில் ஆயில் தடவுவது பரவலான பழக்கம், தவறான பழக்கம். ஷெல்லின் சூடு முதுகு வழியாகத்தான் பிளாக்குக்குப் போகிறது. ஆயில் படலமும் தூசியும் அதைத் தடுக்கும், இருக்கும் இடைவெளியையும் குறைக்கும். ஷெல்லின் நாக்கு அதற்குரிய வெட்டில் உட்கார்ந்ததா, ஷெல்லில் உள்ள துளை பிளாக்கின் ஆயில் துளைக்கு நேராக வந்ததா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். சில செட்டுகளில் மேல் ஷெல்லுக்கு மட்டும் துளை உண்டு. துளையில்லாத கீழ் ஷெல்லை மேலே போட்டால் அந்த பேரிங்குக்கு ஒரு சொட்டு ஆயிலும் வராது. பெட்டியில் எழுதியதை நம்பாமல் ஷெல்லின் முதுகில் குத்தியிருக்கும் சைஸைப் படியுங்கள். கிராங்க்கைப் பத்து அறுத்திருந்தால் பத்து, இருபது அறுத்திருந்தால் இருபது. பத்து என்பது 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ.

இடைவெளியை மைக்ரோமீட்டரிலும் போர் கேஜிலும் அளப்பது சிறந்தது. அவை இல்லாவிட்டால் பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு இழை கிடைக்கிறது. பச்சை நிற இழை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை அளக்கும், இந்த வேலைக்கு அதுதான். ஜர்னல் உலர்ந்திருக்க, இழையை அச்சின் நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்குக்கு முறுக்கி, கிராங்க்கைத் துளியும் சுற்றாமல் கேப்பைக் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அளந்ததும் ஆயில் தொட்ட துணியால் இழையை முழுக்கத் துடைத்தெடுங்கள்.

அளவு சரியானதும் ஷெல்லின் உள்முகத்திலும் ஜர்னலிலும் தாராளமாகப் புது ஆயில். இன்ஜின் பூட்டியபின் வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் ஆயில் வழிந்து இறங்கிவிடும், அப்போது அசெம்ப்ளி பேஸ்ட் நல்லது. கேப்களை எண்படி, அம்புக்குறி முன்பக்கம் பார்க்கப் போடுங்கள். கேப்பும் அதன் இருக்கையும் ஒன்றாகச் சேர்த்துத் துளைக்கப்பட்டவை, மாற்றிப் போட்டால் வட்டம் வட்டமாக இருக்காது. ராடு போல்ட் முனைகளில் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகிவிட்டு பிஸ்டனை இறக்குங்கள், இல்லாவிட்டால் மரை பட்டு புது ஜர்னலில் கீறல் விழும். அம்பாசடர் ராடின் கீழ்முனை சாய்வாகப் பிளந்தது. பிரிக்கும்போதே எந்தப் பக்கம் பார்த்தது என்று எண் குத்தி வைத்திருந்தால் இங்கே குழப்பமில்லை.

நடு மெயினில் தொடங்கி வெளியே போங்கள். டார்க் அளவு அந்த இன்ஜினின் கையேட்டில் உள்ளபடி, இரண்டு மூன்று படிகளாக. ஒவ்வொரு கேப்பையும் முறுக்கியதும் கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் மாட்டாத கிராங்க் இரண்டு விரலுக்குச் சுற்ற வேண்டும். எந்தக் கேப்பை முறுக்கியதும் கனத்ததோ அந்தக் கேப்பில்தான் கோளாறு. ஷெல் முதுகில் தூசி, தப்பான ஷெல், திருப்பிப் போட்ட கேப், இவற்றில் ஒன்று. “ஓடினால் இளகிவிடும்” என்று அதை விடுவது பேரிங்கைக் கொல்லும் பேச்சு. கிராங்க் முன்பின்னாக ஆடும் எண்ட் பிளேயை டயல் கேஜில் பார்த்துவிடுங்கள். த்ரஸ்ட் வாஷரின் ஆயில் பள்ளம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஆயில் பம்ப்பும் சம்ப்பும்

ஆயில் சம்ப்பிலிருந்து ஸ்ட்ரெய்னர், அதிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து ஃபில்ட்டர். ஆக அழுக்கு முதலில் கடிப்பது பம்ப்பை. போன முறை பேரிங் உருகிய இன்ஜின் என்றால் பம்ப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்சுவரில் கீறல் இருந்தால் புதுசு. பிரஷர் ரிலீஃப் வால்வின் பிளஞ்சருக்கும் அதன் குழிக்கும் நடுவே ஒரு துகள் சிக்கினால் வால்வு திறந்தபடியே நின்று அழுத்தம் ஏறாது. ஆயில் கூலர் உள்ள வண்டியில் பேரிங் உருகியிருந்தால் கூலரை மாற்றிவிடுங்கள். அதன் சந்துகளை யாராலும் நம்பிக்கையாகக் கழுவ முடியாது. எலிமெண்ட் வகை ஃபில்ட்டரில் கிண்ணத்தின் அடிச் சேற்றையும் ஸ்பிரிங்கையும் கழுவி, புது ரப்பர் வளையம் போடுங்கள்.

சிலிக்கோன் பேஸ்ட்டை நெற்றியில் இடும் திருநீறு மாதிரி அள்ளிப் பூசாதீர்கள். வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது அறுந்து ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டும். மூன்று மில்லிமீட்டர் கோடு போதும்.

பம்ப்பைப் பூட்டும் முன் அதற்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றுங்கள். உலர்ந்த பம்ப் சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சத் திணறும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை அல்லது கேஜ் முள் எழும்வரை செல்ஃப் அடியுங்கள். பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், மோட்டார் சூடேறும். டீசல் என்றால் எரிபொருள் நிறுத்தும் சொலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டு அதே வேலை. ராக்கர் ஷாஃப்டில் ஆயில் வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும், அம்பாசடர் மாதிரித் தட்டை டாப்பெட் உள்ள இன்ஜினில் புது கேம்ஷாஃப்டோ புது டாப்பெட்டோ போட்டிருந்தால், ஐட்லிங்கில் விடாமல் 2000 ஆர்.பி.எம். அளவில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். கேமின் முகத்துக்கு ஆயில் தெறித்தே போகிறது, மெதுவாக ஓடினால் போதாது. அந்த நேரம் முழுக்க ஒருவர் கண் ஆயில் கேஜிலும் இன்னொருவர் கண் வெப்ப முள்ளிலும் இருக்கட்டும்.

இன்ஜின் சூடு ஆறும் முன் ஆயிலை இறக்கி, ஃபில்ட்டரையும் கழற்றுங்கள். இருபது நிமிடம் ஓடிய ஆயில் வீணாகிறதே என்று வண்டிக்காரர் முனகுவார். பில்லிலேயே முதலில் எழுதிவிட்டால் முனகல் குறையும். ஃபில்ட்டரின் காகிதத்தை வெட்டியெடுத்து, மடிப்புகளை விரித்து, பெட்ரோலில் அலசி, வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய கறுப்புத் தூள் கொஞ்சம் இருந்தால் அது ரிங்கும் கேமும் படிந்ததன் தூள், கவலையில்லை. சாம்பல் நிறத்தில் மணல்போல் நெறுநெறுத்தால் ஹோனிங் தூள் இன்னும் இருக்கிறது, இன்னொரு ஆயிலும் ஃபில்ட்டரும் போட்டு, சிறிது ஓட்டி, மறுபடி திறந்து பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளிச் செதிலோ செம்பு நிற மினுக்கோ தெரிந்தால் வண்டியை வெளியே விடாதீர்கள். சம்ப்பை இறக்கி, ஒரு ராடு கேப்பையும் ஒரு மெயின் கேப்பையும் கழற்றி ஷெல்லைப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் அடுத்த ஆயில் மாற்றம் 500 கிலோமீட்டரில். அந்த ஃபில்ட்டரையும் வெட்டிப் பார்க்க வேண்டும், ஆகவே வேறு எங்கும் மாற்றாமல் உங்களிடமே கொண்டுவரச் சொல்லி அனுப்புங்கள்.